யார் கொடுத்த உத்தரவு?

தீர்க்கதரிசிகளைக் கல்லால் அடித்தவர்கள் தெய்வ நம்பிக்கை அற்றவர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் அன்பர்கள் பைபிளை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். நாள் தவறாமல் பலி செலுத்தியவர்களும், வேத வாக்கியங்களை விரல் நுனியில் வைத்திருந்தவர்களுமே அந்தக் கைங்கரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

ஆமோஸ் ஆடு மேய்த்தவர். ஏழையை நசுக்குகிறவர்களின் வழிபாடு கடவுளுக்கு வேண்டாம் என்று பெத்தேலில் வந்து சொன்னார். ஆசாரியன் அமத்சியா என்ன செய்தான்? இவர் பேச்சை நாடு தாங்காது என்று அரசனுக்கு ஆள் அனுப்பினான். இது அரசனுடைய ஆலயம், யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆமோஸை விரட்டினான். எரேமியாவை அடித்துத் தொழுமரத்தில் மாட்டிய பஸ்கூர், எருசலேம் ஆலயத்தின் பிரதான அதிகாரி. பிற்காலத்தில் அதே நகரில் பிரதான ஆசாரியர்கள் இயேசுவை மடக்கிக் கேட்டதும் அதிகாரத்தைப் பற்றித்தான். யார் கொடுத்த உத்தரவு என்று கேட்கிறார்களே தவிர, சொல்வது உண்மையா என்று இவர்களில் ஒருவரும் கேட்கக் காணோம்!

போலிகளும் வருவார்களே, தடுக்க வேண்டாமா என்பீர்கள். எரேமியாவின் காலத்திலும் அனனியா என்றொரு போலி இருந்தான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆசாரியர்கள் முன்னிலையில் இனிக்க இனிக்கப் பேசினான். அவனை எந்த அதிகாரியும் தொழுமரத்தில் மாட்டியதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் பாலஸ்தீனத்துப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். காளப்பநாயக்கன்பட்டியில் நின்று நிமிர்ந்தால் கொல்லிமலை தெரியும். 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவிலினும் அங்கே குடியேறி, மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள். மலைப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் சாகும் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். அந்தப் பூசாரிக்கு வந்த தெளிவு, கிறிஸ்துவின் பெயரால் கூடிய கமிட்டிக்கு வரவில்லை!

1929-இல் ஜெஸ்ஸி மலையில் காய்ச்சல் கண்டு இறந்தார். மறுபடி மலைக்கே போகிறேன் என்றார் எவிலின். அவரை அனுப்பிய மிஷனோ சமவெளியில் வேலை கொடுத்தது. எழுபதை நெருங்கியதும், வயதாகிவிட்டது என்றது. அந்த அம்மாள் ஓய்வு பெற்ற கையோடு, எவர் உத்தரவையும் எதிர்பாராமல் மலையேறிவிட்டார்! 1974-இல் தமது 95-ஆம் வயதில் இறந்து, கணவர் அருகிலேயே அடக்கமானார்.

வயது, பணம், பாதுகாப்பு எல்லாம் நியாயமான காரணங்கள்தாமே? சந்தேகமில்லை. அமத்சியாவிடமும் நியாயம் இருந்தது. காரணம் காட்டாமல் எந்தக் கமிட்டியும் எவரையும் தடுத்ததில்லை. மருந்தில்லாத மலை ஒன்று அங்கே இருக்கிறதா, இல்லையா? அதற்குத்தான் பதில் வேண்டும் என்கிறேன் நான்.

நம் சைவ உலகமும் சளைத்ததன்று. வள்ளலாரின் பாடல்களைப் போலி அருட்பா என்று 1869-இல் நூலெழுதி மறுத்தார் ஆறுமுக நாவலர். இன்றோ, வள்ளலாருக்கு மாலை போடாத மேடை அபூர்வம்.

இறந்தவருக்கு மாலை போடுவதில் செலவு குறைவு. அவர் எழுந்து வந்து எதையும் கேட்கமாட்டார். உயிரோடு ஒருவர் வாசலில் வந்து நின்று சுடச்சுட ஒன்றைச் சொல்லும்போது, அவரிடம் அத்தாட்சிக் கடிதம் கேட்காமல் அவர் சொல்லை நிறுத்துப் பார்க்கிறீர்களே, அதையே பக்தி என்பேன்.