உழுற மாட்டுக்கு இருக்கிற ஓய்வு

போன மாசம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தென்னை மரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சிருச்சு. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனோம். ராத்திரி 11 மணி. பார்த்தவர் எம்.எஸ். ஆர்த்தோ படிக்கிற டாக்டர் தம்பி. காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டுட்டு சுவத்துல சாஞ்சார். "நேத்து காலையில டூட்டிக்கு வந்தேண்ணா, இன்னும் ரூமுக்குப் போகல."

எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், நீட் பி.ஜி., அதுக்கு மேல இந்த மூணு வருஷம். படிப்புன்னு பேரு, வார்டும் அவசரப் பிரிவும் இவங்க தோள்லதான் ஓடுது. வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியா 12 மணிக்கு மேல வேண்டாம்னு மத்திய அரசு 1992-லயே சொல்லியிருக்கு. 2023 விதிமுறையோ 'நியாயமான வேலை நேரம்'னு சொல்லிட்டு எண்ணையே விட்டுருச்சு.

கஷ்டப்பட்டாத்தான் கை பழகும்னு சொல்வாங்க. பழகணும்தான். ஆனா ஏர்ல பூட்டின மாட்டைக்கூட வெயில் ஏறினா அவிழ்த்துடுவோம். பாவம் பார்த்து மட்டுமில்ல. களைச்ச மாடு சாலைக் கோணலாக்கும். கோணல் சாலை மறுபடி உழுதுக்கலாம். கோணலாச் சேர்ந்த எலும்பை?

விதியில மணிக்கணக்கை எழுதுங்க, வருகைப் பதிவேட்டுல அதைக் காட்டுங்க. டவுன்ல நீங்க வண்டியில விழுந்தாலும் எலும்பைச் சேர்க்கப் போறது அதே தூங்காத கைதான்.