பெரிய அணி சின்ன ஊருக்கு வரட்டும்

பிரான்ஸ் நாட்டில் ஆண்டுதோறும் ‘கூப் த பிரான்ஸ்’ என்ற கால்பந்துப் போட்டி நடக்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் நாக்-அவுட் போட்டி. தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. முதல் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1917-18இல், 48 அணிகளோடு தொடங்கியது. இன்று ஏழாயிரத்துக்கும் அதிகமான அணிகள் பெயர் கொடுக்கின்றன. கோடிகளைக் கொட்டி வீரர்களை வாங்கும் பாரிஸ் செயின்ட் ஜெர்மனும் அதில் உண்டு. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி எடுக்கும் கிராமத்து அணியும் உண்டு.

அந்தப் போட்டியில் ஒரு விதி இருக்கிறது. யாரோடு யார் மோதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஆனால் மோதும் இரண்டு அணிகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு படி கீழே இருந்தால், ஆட்டம் அந்தச் சின்ன அணியின் ஊரில்தான் நடக்க வேண்டும். குலுக்கலில் பெரிய அணியின் பெயர் முதலில் வந்திருந்தாலும் இதுதான் விதி. பெரிய அணிதான் பேருந்து ஏறி வர வேண்டும். சின்ன ஊரின் மைதானத்தில், அந்த ஊர் மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே ஆட வேண்டும்.

தலித் மக்களின் பாடுகளைப் பேசும் பத்தியில் பிரான்ஸ் கால்பந்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி, அவ்வளவுதானே என்று நம்மிடம் ஓயாமல் கேட்கிறார்கள். இட ஒதுக்கீடு என்றதும் ‘தகுதி போய்விடும், திறமை போய்விடும்’ என்கிறார்கள். மேற்சொன்ன விதி சின்ன அணிக்கு இலவசமாக ஒரு கோல்கூடக் கொடுப்பதில்லை. பந்து ஒன்றுதான், நடுவர் ஒருவர்தான், தொண்ணூறு நிமிடமும் இருவருக்கும் பொது. பணத்திலும் பயிற்சியிலும் முன்னே நிற்பவருக்கு இடமும் சாதகமாகிவிடக் கூடாது என்பது மட்டுமே அதன் கவலை. அதனால் அங்கே திறமை செத்துப்போய்விடவில்லை. பாரிஸ் அணி பலமுறை கோப்பையை வென்றுகொண்டுதான் இருக்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கலே அணி சாட்சி. கலே வடக்குப் பிரான்சின் துறைமுக நகரம். 2000ஆம் ஆண்டில் அதன் அணி நான்காம் நிலையில் இருந்தது. ஆடியவர்களில் துறைமுகத் தொழிலாளிகளும் ஆசிரியர்களும் கடை ஊழியர்களும் இருந்தார்கள். அவர்கள் லீல், கான், ஸ்ட்ராஸ்பூர் அணிகளை வீழ்த்தினார்கள். அரையிறுதியில், அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சின் சாம்பியனான போர்தோ அணியையும் 3-1 என்று வென்றார்கள். மே 7ஆம் தேதி பாரிஸ் அருகே பெரிய மைதானத்தில் இறுதி ஆட்டம். முதல் கோலைப் போட்டது கலே. கடைசி நிமிடப் பெனால்டியில் நாந்த் அணி 2-1 என்று வென்றது. கோப்பையை வாங்கப் போன நாந்த் கேப்டன் மிக்கேல் லாந்த்ரோ, கலே கேப்டனையும் அழைத்துப்போய் இருவருமாகத் தூக்கிக் காட்டினார். இந்தக் காட்சியைப் பிரான்ஸ் இன்னும் பேசுகிறது.

நல்ல காட்சிதான். ஆனால் அதோடு கதையை நிறுத்த நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கலே கிளப் பண நெருக்கடியில் சிக்கி 2017இல் கலைக்கப்பட்டது. 2018இல் லெ எர்பியே என்ற சிறு நகரத்தின் மூன்றாம் நிலை அணி இறுதி ஆட்டத்தில் பாரிஸ் அணியிடம் தோற்றது. பாரிஸ் கேப்டனும் எதிரணிக் கேப்டனை அழைத்துக் கோப்பையைச் சேர்ந்து தூக்கினார். அதே வாரம் லெ எர்பியே நான்காம் நிலைக்கு இறங்கியது. சுதந்திர தினத்தன்று கோயிலில் சமபந்தி விருந்து போட்டுவிட்டு, மறுநாள் தேநீர்க் கடையில் தனித் தம்ளர் நீட்டுவதை அறிந்தவர்கள் நாம். பெருந்தன்மை ஒருநாள் விஷயம், ஆண்டுதோறும் நிற்பது விதி. எழுதிவைத்த விதியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இந்தக் கோப்பையில் நம் வரலாறு தொடும் இடமும் ஒன்று உண்டு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு பிரான்சின் ஒரு பகுதி. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் விரட்டியதால் போன ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களில் பலர். அவர்களின் வழிவந்தவர்களை அங்கே ‘மலபார்’ என்று அழைக்கிறார்கள். தமிழ் மொழி பெரும்பாலும் போய்விட்டாலும் தமிழ்ப் பெயர்களும் மாரியம்மனும் தீமிதியும் இன்றும் இருக்கின்றன.

அந்தத் தீவு அணிகளும் பிரெஞ்சுக் கோப்பையில் ஆடுகின்றன. பாரிசுக்கும் தீவுக்கும் இடையே ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ‘அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் எதற்கு’ என்று தேசியக் கூட்டமைப்பு கதவைச் சாத்தவில்லை, பயணச் செலவை ஏற்கிறது. 2020 ஜனவரியில் தீவின் சேன்-பியேர் நகர அணி, பிரான்சின் நியோர் நகருக்கே போய், இரண்டாம் நிலைத் தொழில்முறை அணியை 2-1 என்று வென்றது. ரீயூனியன் அணி ஒன்று கடைசி 32 அணிகளில் இடம்பிடித்தது அதுவே முதல்முறை. அடுத்த சுற்றில் எபினால் அணியிடம் 0-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். அந்த அணியில் தமிழ் வழிவந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது நம் நோக்கமல்ல. கூலியாட்களைக் கொண்டு நிரப்பிய ஒரு தீவுக்குத் தலைநகரத்து அணியோடு சமமாகப் பெயர் கொடுக்கும் உரிமை இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலையொட்டி ஒரு கிராமத்தில் கால்பந்துப் போட்டி அறிவித்தார்கள். பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் நுழைவுக் கட்டணத்தோடு போனார்கள். ‘டீம் ஃபுல் ஆயிடுச்சு தம்பி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறோர் ஊர் அணியிடம் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் போய்க் கேட்டோம். ‘எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, உங்க பசங்க வந்தா மத்த டீம் வராது’ என்றார் ஒருவர். இரண்டு நாள் பேசிய பிறகு சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அதில் வருத்தமில்லை. திரும்பும் வழியில் ஒரு பையன் கேட்டான்: ‘அண்ணே, நாம அவங்க கிரவுண்டுக்குப் போனோம். அவங்க எப்ப நம்ம கிரவுண்டுக்கு வருவாங்க?’

அன்று எங்களிடம் பதில் இல்லை. காலனிக்குப் பின்னால் கருவேல முள்ளை வெட்டிப் பிள்ளைகளே சமன் செய்த பொட்டல்தான் அவன் சொன்ன கிரவுண்டு. அங்கே ஊர் அணி இதுவரை கால் வைத்ததில்லை.

நம் கோரிக்கை எளியது. ஊராட்சி இடத்திலோ அரசுப் பள்ளி மைதானத்திலோ நடக்கும் எந்தப் போட்டியிலும் எல்லா அணிக்கும் இடம் உண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டே அனுமதி கொடுக்க வேண்டும். சில ஆட்டங்களாவது காலனி மைதானத்தில் நடக்க வேண்டும். ‘அந்த மைதானம் சரியில்லை’ என்றால், ஊராட்சி அதைச் சமன் செய்து, கோல் கம்பம் நட்டு, குடிதண்ணீர் குழாயும் போட்டுக் கொடுக்கட்டும். ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த விளையாட்டு உபகரணங்கள் காலனிப் பிள்ளைகளின் கைக்கும் வரட்டும்.

மாணவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது 3(1)(இசட்.ஏ) பிரிவு சேர்க்கப்பட்டது. பொதுச் சொத்தைப் பயன்படுத்தவும் பொது இடத்தில் நுழையவும் நம்மைத் தடுப்பது அதன்படி தண்டனைக்குரிய குற்றம். பொது மைதானமும் பொது இடமே. ‘டீம் ஃபுல்’ என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். தேதியையும் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், மனு எழுதுங்கள், எங்களையும் கூப்பிடுங்கள்.

அடுத்த பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. போட்டி நோட்டீஸ் அச்சாகும் முன்பே ஊராட்சித் தலைவரிடம் போய்ப் பேசுவோம். அந்தப் பையனுக்கு நாங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.