பட்டனுக்குள் விளக்கு எதற்கு?

கையடக்க வீடியோ கேம் கருவியைப் பிரித்து, அதன் பட்டன்களுக்கு அடியில் குட்டி எல்.இ.டி. விளக்குகளை வைத்து ஒளிர விடுவது பையன்கள் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு. "இது என்ன வெட்டி வேலை?" என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அந்த விளக்கால் காலணா பிரயோஜனம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த வேலையைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்வேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் விளக்கை எடுத்துக்கொள்வோம். நான் தொலைபேசி நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன். அங்கே எரிகிற ஒவ்வொரு விளக்கும் ஒரு சேதி சொல்லும். போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் அந்த லைனில் யாரோ கூப்பிடுகிறார் என்று பொருள். அலாரம் விளக்கு எரிந்தால் எங்கேயோ ஃப்யூஸ் போயிருக்கிறது என்று பொருள். அழகுக்காக எரிகிற விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பழக்கத்தில் வந்தவனுக்கு, சேதி சொல்லாத விளக்கைப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

கேம் பட்டனில் விளக்கு ஏன் சேதி சொல்வதில்லை? விளையாடுகிறவன் கண் திரையில் இருக்கிறது, விரல் மட்டும்தான் பட்டனில் இருக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜப்பானின் நின்டென்டோ கம்பெனியில் இருந்த குன்பெய் யோகோய். 1982இல் வந்த 'டாங்கி காங்' கையடக்க விளையாட்டில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பட்டனை வைத்தார். மேல், கீழ், இடம், வலம் நான்கையும் கட்டைவிரல் தடவியே கண்டுபிடித்துவிடும், குனிந்து பார்க்க வேண்டாம். இன்றைக்கும் கேம் கருவிகளில் அந்த வடிவம்தான் பரவலாக இருக்கிறது. கம்ப்யூட்டர் கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சிறு மேடு இருக்கிறதல்லவா, அதுவும் இதே யோசனைதான். விரலுக்கு மேடு போதும், கண்ணுக்குத்தான் விளக்கு வேண்டும்.

நம் வீட்டு டி.வி. ரிமோட்டுக்குத்தான் உண்மையில் விளக்கு வேண்டும். கறுப்பு உடம்பில் பொடி எழுத்து. ராத்திரியில் சத்தத்தைக் குறைக்கப் போய் சேனலை மாற்றிவிடுகிறோம். அதற்கு யாரும் எல்.இ.டி. வைக்கக் காணோம்!

இதே யோகோய் தலைமையில் 1989இல் 'கேம் பாய்' வந்தது. அதன் திரைக்கே விளக்கு கிடையாது. வண்ணமும் கிடையாது. காரணம் பாட்டரி. நாலு பென்சில் செல் போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும். போட்டிக்கு சேகா கம்பெனி 1990இல் 'கேம் கியர்' கொண்டு வந்தது. திரையில் வண்ணமும் உண்டு, பின்னால் விளக்கும் உண்டு. ஆனால் ஆறு செல் போட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் காலி. ஜெயித்தது விளக்கில்லாத கேம் பாய்தான். அதன் பிறகு வந்த வண்ணத் திரை மாடலையும் சேர்த்தால் உலகம் முழுக்க 11 கோடிக்கு மேல் விற்றது. அந்த முதல் கேம் பாயில் ஒரே ஒரு சிவப்பு எல்.இ.டி. உண்டு. செல் தீர்ந்து வரும்போது அது மங்கும். சேதி சொல்லும் விளக்கு! தொலைபேசி நிலையத்துக்காரன் கும்பிட்டு ஏற்றுக்கொள்வான்.

2001இல் வந்த 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவியிலும் திரைக்கு விளக்கு இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால்தான் பொம்மை தெரியும். பொறுக்க முடியாத ரசிகர்கள், மேல் ஓட்டைக் கழற்றி முன்பக்கம் விளக்குப் பொருத்திக்கொண்டார்கள். அதற்கென்று 'ஆஃப்டர்பர்னர்' என்ற பெயரில் ஒரு செட்டே 2002இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நின்டென்டோவே விளக்கு வைத்து 'எஸ்.பி.' என்ற மாடலை வெளியிட்டது. பயன்படுத்துகிறவன் திருப்புளியை எடுத்தது முதலில், அந்த மாடலுக்குக் கம்பெனி விளக்கு வைத்தது பிறகு. இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். என் மகள் வயிற்றுப் பேரன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவன் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து ஒதுக்கிப் போட்ட கேம் பாய் அட்வான்ஸில்தான் விளக்கு வைத்தான். நான் பக்கத்தில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் மினுக்கு வேலை. உள்ளே எத்தனை பாடம்!

பட்டனுக்கு அடியில் ரப்பர் விரிப்பு, அதன் அடியில் கரிப் பொட்டு. அழுத்தினால் கரி போய் பலகையில் உள்ள இரண்டு தடங்களைச் சேர்க்கும், அவ்வளவுதான் பட்டன். விளக்கு அந்தப் பொட்டுக்குக் குறுக்கே வரக் கூடாது, பக்கத்தில்தான் உட்கார வேண்டும். 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம், அரிசிக் குருணை மாதிரி. அதிலும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். பழைய பட்டன் வெளிச்சத்தை விடாது, கண்ணாடி மாதிரியான பட்டனாக மாற்ற வேண்டும்.

அடுத்தது கணக்கு. பலகையில் 3.3 வோல்ட் இருக்கிறது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1.3. இரண்டு மில்லி ஆம்பியர் ஓடினால் போதும் என்றால் 650 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கடையில் கிடைப்பது 680. பாடப் புத்தகத்தில் ஓம் விதியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பையன், அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். ஆறு விளக்குக்கு 12 மில்லி ஆம்பியர். பதினைந்து மணி நேரம் ஓடுகிற செல்லில் ஒன்றரை மணி நேரம் போகும். அழகுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவனே பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தான். யோகோய் அன்றைக்கு ஏன் கஞ்சத்தனம் பிடித்தார் என்பதும் புரிந்துவிட்டது.

அவன் ஆசைப்பட்டது நீல நிறம். நீலத்துக்கு மூன்று வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 3.3 வோல்ட்டில் அது மயிரிழைதான், சரியாகப் பிடிபடாது. சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்து காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு அதற்குப் பிறகு முப்பது வருஷம் பிடித்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. இன்று நம் வீட்டில் எரிகிற வெள்ளை எல்.இ.டி. பல்புக்கு அந்த நீலம்தான் அடிப்படை. ஒரு பட்டனுக்கு நிறம் தேடப் போன பையன் இவ்வளவு தூரம் போய் வந்தான்.

அவன் அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. "பரிட்சை வருஷத்தில் இதெல்லாம் எதற்கு மாமா? திறந்தால் கெட்டுப்போகும்" என்றார். கெட்டுப்போகலாம்தான். அதனால்தான் ஒதுக்கிப் போட்ட சாமானில் செய்யச் சொல்கிறேன். வாரண்டி உள்ள புதுக் கருவியில் கை வைக்க வேண்டாம். லித்தியம் பாட்டரி உள்ளதைப் பெரியவர் துணையில்லாமல் திறக்கக் கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சால்டரிங் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பரிட்சை நெருங்கினால் இரண்டு மாதம் மூட்டை கட்டி வைக்கட்டும். அப்பாவின் கவலைக்கு இவை பதில். திருப்புளியைப் பிடுங்கிக்கொள்வது பதில் அல்ல.

நம் காலத்தில் தெருவுக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. மிக்சி நின்றால் பிரஷ்ஷை மாற்றினோம், தூக்கிப் போடவில்லை. இப்போது போனை பசை போட்டு ஒட்டுகிறார்கள். கேம் பாயிலேயே சாதாரணத் திருப்புளிக்கு மசியாத மூன்று கால் ஸ்க்ரூ. பழுது பார்க்கும் உரிமைக்கு வழி காண நம் மத்திய அரசே 2022இல் ஒரு குழு அமைத்தது. நல்லதுதான். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்து என்ன பயன்? திறந்து பார்க்கத் துணிந்த கை வேண்டாமா? அந்தத் துணிச்சல் பதினாலு, பதினைந்து வயதில் வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம். வாங்கவும் வீசவும் மட்டும் தெரிந்த தலைமுறையை வளர்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவது நமக்கு அழகா?

ஆகவே, பெரியவர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஸ்க்ரூவைக் கழற்றினால் அதட்டாதீர்கள். பரணில் கிடக்கும் பழைய ரேடியோவையோ கேம் பெட்டியையோ இறக்கிக் கொடுங்கள். சென்னைப் பக்கம் போனால் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் வாங்கி வாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கழற்றுகிற ஸ்க்ரூக்களைப் போட ஒரு கிண்ணம் கொடுங்கள். விளக்கு எரிகிறதா இல்லையா என்பது அப்புறம்.