கொப்பரையும் தேவதை மரமும்

கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடும்பங்களும் அலுவலகங்களும் அறக்கொடை கொடுக்கும் வழிகள் பல. கடைவாசலில் மணி அடித்துக் காசு கேட்கும் கொப்பரை, பேரங்காடியில் குழந்தைகளின் விருப்பங்கள் தொங்கும் மரம், அலுவலக வரவேற்பறையில் பொம்மைகளுக்காக வைக்கப்படும் அட்டைப்பெட்டி, மாமியார் பெயரில் எங்கோ ஒரு கிராமத்துக்குப் போகும் ஆடு என்று பட்டியல் நீளும். பண்டிகை மனம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அமெரிக்காவில் தனிநபரின் வரி ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. வரிச்சலுகை வேண்டுவோர் அதற்குள் கொடுத்தாக வேண்டும். குளிரும் சேர்ந்துகொள்கிறது. தெருவில் படுத்திருப்பவரைக் கண்டும் காணாமல் போவது ஜூலையில் முடியலாம், டிசம்பரில் கடினம்.

இந்த வழிகள் பெரும்பாலும் கடந்த 150 ஆண்டுகளுக்குள் வந்தவை. அதற்கு முன்பு கிறிஸ்துமஸ் ஈகை பெரும்பாலும் தெரிந்தவருக்குக் கொடுப்பதாக இருந்தது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொழில் பழகும் பையன்கள் மண் உண்டியலோடு வாடிக்கையாளர்களிடம் போவார்கள். நிறைந்ததும் உடைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். தெரியாத ஏழைக்காக ஊர்கூடிக் காசு திரட்டும் வழக்கம் தொழில்நகரங்கள் பெருத்தபின் வலுத்தது. 1843-இல் வெளியான சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் கஞ்சனான ஸ்க்ரூஜின் அலுவலகத்துக்கு இரண்டு பேர் ஏழைகளுக்காக நிதி கேட்டு வருகிறார்கள். சிறைச்சாலைகள் இல்லையா என்று கேட்டு அவர் விரட்டிவிடுகிறார். மனம் திருந்தியபின் ஸ்க்ரூஜ் செய்பவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். நிதி கேட்டவரைத் தெருவில் சந்தித்து, பழைய பாக்கியும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். தன் எழுத்தரின் சம்பளத்தையும் உயர்த்துகிறார். இந்த இரண்டாவதை அலுவலக ஈகை பற்றிய பேச்சுகளில் முதலாளிகள் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

கொப்பரையின் தொடக்கம் 1891 டிசம்பர். சான் பிரான்சிஸ்கோவில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் கேப்டன் ஜோசப் மெக்ஃபீ, ஏழைகள் ஆயிரம் பேருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து போடுவதென்று முடிவுசெய்தார். கையில் பணம் இல்லை. அவர் முன்பு மாலுமியாக இருந்தவர். லிவர்பூல் துறைமுகத்தில் இறங்குவோர் போகிற போக்கில் காசு போட ஒரு பெரிய பானை வைத்திருந்தது ஞாபகம் வந்தது. மார்க்கெட் தெருவின் கோடியில், ஓக்லாந்து படகு வந்து நிற்கும் துறையில், நண்டு வேகவைக்கும் கொப்பரை ஒன்றை முக்காலியில் தொங்கவிட்டார். விருந்து நடந்தது. சில ஆண்டுகளுக்குள் மேற்குக் கடற்கரையில் சேனையின் பல கிளைகள் இதையே செய்தன. பிறகு நாடு முழுதும் பரவியது. பெயர் சொல்ல வேண்டாம், தொகை சொல்ல வேண்டாம், நின்று பேசவும் வேண்டாம் என்பதுதான் கொப்பரையின் பலம். 1982-இல் சிகாகோவை அடுத்த கிரிஸ்டல் லேக் என்ற ஊரில் யாரோ ஒருவர் தங்க நாணயத்தைப் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களின் கொப்பரைகளில் தங்க நாணயங்கள் கிடைக்கின்றன. சில்லறை வைத்திருப்போர் குறைந்துவிட்டதால் 2019 முதல் கைபேசியைக் காட்டியே பணம் செலுத்தவும் வசதி செய்திருக்கிறார்கள்.

டென்மார்க்கின் அஞ்சல்துறை ஊழியர் ஐனார் ஹோல்பெல் கண்ட வழி, கொடுப்பவரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும் ஒவ்வொருவரும் தபால்தலையோடு மலிவான வில்லை ஒன்றையும் வாங்கி உறையில் ஒட்டினால், காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 1904-இல் முதல் வில்லை வெளிவந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவில் 1907-இல் டெலவேர் மாநிலத்தின் எமிலி பிஸ்ஸெல் இதைக் கையில் எடுத்தார். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் இருந்த சிறு காசநோய் இல்லம் 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலை. ஒரு வில்லை ஒரு சென்ட் என்று விற்றார். தேவைப்பட்டதைப்போல் பத்து மடங்கு திரண்டது. இந்தியாவில் காசநோய்ச் சங்கம் காந்தி பிறந்தநாளில் தொடங்கும் வில்லை விற்பனையும் இந்த மரபில் வந்ததே. பள்ளியில் அந்த வில்லையை வாங்கிய தமிழர்களுக்கு அதன் வேர் ஒரு டேனிஷ் அஞ்சலகத்தில் இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பத்திரிகை வழியான ஈகைக்கு நியூயார்க் டைம்ஸ் உதாரணம். 1911 கிறிஸ்துமஸ் அன்று அதன் உரிமையாளர் அடால்ஃப் ஓக்ஸ் விருந்து முடிந்து நடந்து வருகையில் தெருவில் ஒரு ஏழையைச் சந்தித்தார். அந்த மனிதருக்கு யாரோ விருந்துச் சாப்பாடு கொடுத்திருந்தார்கள். இரவு படுக்க இடம்தான் இல்லை. ஓக்ஸ் கொஞ்சம் பணத்தோடு தன் முகவரி அட்டையையும் கொடுத்து, வேலை வேண்டுமானால் மறுநாள் வரச் சொன்னார். அடுத்த ஆண்டு, மிகவும் நலிந்த நூறு பேரின் நிலையைப் பெயரில்லாமல் அவருடைய நாளிதழ் வெளியிட்டது. 117 வாசகர்கள் 3,630 டாலர் அனுப்பினார்கள். இந்த நிதி இன்றும் நடக்கிறது.

அதே 1912-இல் அமெரிக்க அஞ்சல்துறைத் தலைவர் ஃபிராங்க் ஹிட்ச்காக், சாண்டா கிளாஸுக்கு எனக் குழந்தைகள் எழுதும் கடிதங்களைப் பிரித்துப் பதில் போட ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும் அனுமதி தந்தார். ஏழைக் குழந்தையின் கடிதத்தை எடுத்துக்கொண்டவர், கேட்ட பொருளை வாங்கி அனுப்புவார். இதில் கெட்ட பெயரும் சீக்கிரமே வந்தது. 1913-இல் நியூயார்க்கில் ஜான் டுவால் க்ளக் என்பவர் கடிதங்களை மொத்தமாகப் பெற்றுக்கொள்ளும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நன்கொடை குவிந்தது, கணக்கு வரவில்லை. 1928-இல் குட்டு உடைந்து, அஞ்சல்துறை கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பண்டிகை வேகத்தில் கணக்குக் கேட்கக் கூச்சப்படும் நல்லவர்கள்தான் இத்தகையவர்களுக்கு முதலீடு. இப்போது அஞ்சல்துறை குழந்தையின் முகவரியை மறைத்துவிட்டே கடிதத்தைத் தருகிறது. பார்சல் அஞ்சலகம் வழியாகத்தான் போகும்.

பொம்மைகளுக்குத் தனி அமைப்பு 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தது. டயேன் ஹென்ட்ரிக்ஸ் கையால் தைத்த துணிப்பொம்மைகளைக் கணவரிடம் கொடுத்து, ஏழைக் குழந்தைகளுக்கு வழங்கும் அமைப்பு எதனிடமாவது சேர்க்கச் சொன்னார். அப்படி ஓர் அமைப்பு கண்ணில் படவில்லை. ‘அப்படியானால் நீங்களே ஆரம்பியுங்கள்’ என்றார் டயேன். கணவர் கடற்படைக் காலாட்படையின் சேமப்பிரிவில் மேஜர். அவரும் சக வீரர்களும் அந்த ஆண்டு 5,000 பொம்மைகள் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ நாடெங்கும் நடந்தது. அதன் ரயில்வண்டிச் சின்னம் வால்ட் டிஸ்னி நிறுவனம் வரைந்து கொடுத்தது. தொடக்கத்தில் பழைய பொம்மைகளை வீரர்களே பழுதுபார்த்து வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். 1980 முதல் புதிய பொம்மைகளை மட்டுமே வாங்குகிறார்கள். இது சரியான மாற்றம். ஊருக்கே புதுப்பொம்மை வரும் நாளில் ஒரு குழந்தைக்கு மட்டும் அடுத்தவர் வீட்டில் அலுத்துப்போனது வந்தால், அதன் பொருள் குழந்தைக்குப் புரியாமல் போகாது.

பெட்டியில் பொம்மை போடும் முறையில் ஒரு குறை உண்டு: பெறுபவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நான்கு வயதுக்கான கரடிப்பொம்மைகள் மலையாகக் குவியும். பதினைந்து வயதுப் பையனுக்கு ஒன்றும் இருக்காது. இதற்கு விடையாக வந்தது தேவதை மரம். 1979-இல் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் இரட்சணிய சேனையின் சார்லஸ் ஒயிட், ஷெர்லி ஒயிட் தம்பதி, தேவதைப் படம் போட்ட அட்டைகளில் ஒவ்வொரு குழந்தையின் தேவையையும் எழுதிப் பேரங்காடியில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். வாங்க வந்தவர் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு, அதில் உள்ளதை வாங்கித் தந்துவிட்டுப் போகலாம். முதல் ஆண்டில் 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பரிசு கிடைத்தது. இன்று தேவாலயங்கள், வங்கிகள், அலுவலகங்கள் பலவற்றில் இந்த மரத்தைக் காணலாம். தம் குழந்தையின் வயதுள்ள பிள்ளையின் அட்டையைத் தேடி எடுக்கும் குடும்பங்கள் உண்டு. கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கும் வேலையைக் குழந்தையிடமே விடுகிறார்கள். அட்டைகளில் பொம்மையைவிடக் குளிர்ச்சட்டை, காலணி போன்றவை அதிகம் இருப்பதைக் கண்டு அந்தக் குழந்தை அதிசயிப்பதும் உண்டு.

இதே பெயரில் இன்னொரு மரம் 1982-இல் அலபாமாவில் தோன்றியது. அதைத் தொடங்கிய மேரி கே பியர்ட் வங்கிக்கொள்ளை வழக்கில் சிறையில் இருந்தவர். சிறையில் தாய்மார்கள், தொண்டு அமைப்புகள் தங்களுக்குத் தந்த சோப்பையும் பற்பசையையும் பயன்படுத்தாமல் சேர்த்துவைத்து, கிறிஸ்துமஸுக்குப் பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கட்டிக் கொடுப்பதை அவர் கண்டிருந்தார். வெளியே வந்தபின் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை அட்டைகளில் எழுதி மரத்தில் தொங்கவிட்டார். பரிசை வாங்குவது முன்பின் தெரியாத ஒருவர். பிள்ளையின் கைக்குப் போகும்போது அது சிறையில் இருக்கும் தாயின் அல்லது தந்தையின் பரிசாகவே போகும். கிறிஸ்துமஸ் ஈகைக்காக வகுக்கப்பட்ட முறைகளுள் இதைவிட நாகரிகமான ஒன்றைக் காட்டுவது கடினம். கொடுத்தவருக்கு நன்றியில் பங்கில்லை. குழந்தைக்குத் தன் பெற்றோர் மேல் இருக்கும் உரிமை அப்படியே காப்பாற்றப்படுகிறது.

குடும்பங்களுக்குள் பரவிய வேறொரு வழக்கம், ஒருவருக்கொருவர் பரிசு வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவது. இதன் பின்னணியில் பொருளியலும் உண்டு. 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், கிறிஸ்துமஸ் பரிசுகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்று கணக்கிட்டு எழுதினார். பெற்றவர் தாமாக அந்த விலைகொடுத்து அதை வாங்கியிருக்க மாட்டார் என்பது வாதம். தேவைக்குமேல் கழுத்துப்பட்டை வைத்திருக்கும் சித்தப்பாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சித்தப்பாவின் பெயரில் ஆடு கொடுக்கும் முறையின் மூலவர் டான் வெஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அகதிகளுக்குப் பால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்த அவருக்கு, ஒரு குவளைப் பாலுக்குப் பதில் ஒரு பசுவே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. 1944-இல் அவர் தொடங்கிய அமைப்பின் முதல் கிடாரிகள் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேறின. பெற்றவர் முதல் பெண்கன்றை அடுத்த குடும்பத்துக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஹைஃபர் இன்டர்நேஷனல் என்று இன்று அறியப்படும் அந்த அமைப்பையும் ஆக்ஸ்ஃபாம் போன்றவற்றையும் சார்ந்த கிறிஸ்துமஸ் விலைப்பட்டியல்களில் கோழி, ஆடு, தேனீப்பெட்டி எல்லாம் உண்டு. வறண்ட நிலத்தில் ஆடு பெருகினால் மேய்ச்சல் என்னாகும் என்று சூழலியலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பட்டியலின் அடியில் உள்ள சிறு எழுத்தையும் படிக்க வேண்டும்: பணம் அதே ஆட்டுக்கே போகும் என்ற உறுதி பெரும்பாலும் இருக்காது. அது மோசடி அல்ல, தேவையான இடத்தில் செலவிட நிறுவனத்துக்கு உள்ள சுதந்திரம். படத்தில் உள்ள ஆட்டை நம்பியவருக்குத்தான் ஏமாற்றம்.

அலுவலகத்தில் நடப்பவை வேறு வகை. பிரிட்டனில் ‘சேவ் தி சில்ட்ரன்’ 2012-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் கம்பளிச்சட்டை நாளில், கோமாளித்தனமான சட்டை போட்டு வருவோர் சிறுதொகை செலுத்துகிறார்கள். உணவு வங்கிக்கு டின் சேகரிப்பார்கள். கேக் விற்பார்கள். சக ஊழியர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பரிசு தருவதற்குப் பதில், சீட்டில் வந்தவருக்குப் பிடித்த அமைப்புக்குப் பணம் கட்டுவதும் உண்டு. ஆரவாரம் குறைந்தவையே அதிகப் பயன் தருகின்றன. பிரிட்டனில் 1987 முதல் சம்பளத்தில் வரி பிடிக்கும் முன்பே நன்கொடையைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஊழியர் கொடுத்ததற்கு ஈடாக நிறுவனமும் கொடுக்கும் முறையை அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் 1954-இல் தொடங்கிவைத்தது. ஊழியர் படிவம் நிரப்ப மறந்துவிட்டால் அந்தப் பங்கு வராது, பலர் மறக்கிறார்கள்.

அலுவலக ஈகையின் நோய் கட்டாயம். மேலாளரே உறையோடு மேசை மேசையாக வந்தால் அது நன்கொடை அல்ல, பிடித்தம். யார் எவ்வளவு என்பது மொய் நோட்டுப்போல் சுற்றுக்கு வந்தால் கடைநிலை ஊழியர்தான் முதலில் நெளிவார். அவர் வீட்டிலேயே தேவதை மரத்தின் அட்டை ஒன்றுக்கான குழந்தை இருக்கலாம். மூடிய பெட்டியை யாரும் நிற்காத மூலையில் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

பொருளா பணமா என்ற கேள்வியில் தொண்டு அமைப்புகளுக்குச் சந்தேகமே இல்லை. 1967-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியதிலிருந்து இந்த அமைப்புகள் மொத்த விலைக்கும் மிச்சச் சரக்காகவும் உணவு பெறக் கற்றிருக்கின்றன. கடையில் சில்லறை விலைக்கு வாங்கிய ஒரு டின்னின் காசில் அவர்களால் பல டின் வாங்க முடியும். டின்களைத் தரம் பிரிக்க, காலாவதித் தேதி பார்க்க, அடுக்கிவைக்க ஆளும் இடமும் வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவர்கள் பொருளை மறுப்பதில்லை. பொம்மை வாங்கக் கடைக்குப் போன குழந்தை வளர்ந்தபின் காசோலை எழுதும் என்று அவர்களுக்குத் தெரியும். டிசம்பரில் பரிமாற வந்து திரும்பிப்போகும் தொண்டர்களையும் அதே பொறுமையோடுதான் சமாளிக்கிறார்கள். பிப்ரவரியில் ஆள் வேண்டும் என்று சொல்லிப்பார்க்கிறார்கள்.

ஆகவே அலுவலகத்திலோ வீட்டிலோ இந்த டிசம்பரில் சேகரிப்பு நடத்த நினைப்போர், பெட்டியை வைப்பதற்கு முன் அந்த அமைப்பை ஒருமுறை தொலைபேசியில் அழைத்து என்ன வேண்டும், எந்த மாதத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மை என்று சொன்னால் பதின்வயதினருக்கும் சேர்த்து வாங்குங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.