ஊசி போட்டாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க!

நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பு சக்தியே, நம் ரத்தக் குழாய்களைத் தாக்கிப் புண்ணாக்கும் வியாதிகள் உண்டு. அதில் ஒன்று 'டகயாசு'. 1908ல் ஜப்பான் கண் டாக்டர் மிகிடோ டகயாசு இதைப் பற்றி எடுத்துச் சொன்னதால் அந்தப் பெயர். 40 வயதுக்கு உட்பட்ட பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. அசதி, காய்ச்சல் என்று ஆரம்பிக்கும். போகப் போக ஒரு கையில் நாடியே கிடைக்காது. 'வேலை ஜாஸ்தி, ரத்தசோகை' என்று நாமே முடிவு கட்டி விடுகிறோம்.

இதற்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. அதைச் சாப்பிட்டால் முகம் உப்பும், எடை ஏறும், சர்க்கரை கூடும். கல்யாண வயதுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம், வீடே கவலைப்படும். அந்த நேரம் பார்த்து, 'அக்குபஞ்சர் ஊசியும் சீன மூலிகையும் போதும், இங்கிலீஷ் மருந்தைத் தூக்கிப் போடுங்க' என்று யாராவது சொன்னால், மனசு சாயத்தானே செய்யும்?

எங்கள் உறவுப் பெண்ணுக்கும் இப்படித்தான் ஒருவர் சொன்னார். நல்லவேளை, அவள் அம்மா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டார். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்து விடுமாம். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வலிக்காக, சுத்தமான புது ஊசியில் அக்குபஞ்சர் செய்து கொள்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், ரத்தக் குழாய் அழற்சியை அது ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

'மூலிகைதானே, என்ன பண்ணும்?' என்பார்கள். 1990களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடம்பு இளைக்க சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போய்விட்டது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்ததே காரணம். நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையும், ஈஸ்வரமூலியும் அதே இனம்தான்! எதிர்ப்பு சக்தியை அடக்க சீனாவில் கொடுக்கும் 'லெய் காங் தெங்' என்ற மூலிகையும் மாதவிலக்கையே நிறுத்தி விடக்கூடியது.

சீன மூலிகை எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் அங்கிருந்து வந்ததுதான். அதைக் கண்டுபிடித்த தூ யூயூ என்ற பெண்மணிக்கு 2015ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அது சோதித்துப் பார்த்து வந்த மருந்து. பெயர் சொல்லாமல் கொடுக்கும் பொட்டலம் அப்படியா?

ஆகவே சகோதரிகளே, எந்த மூலிகை என்று எழுதி வாங்குங்கள். அதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். முகம் உப்புகிறதே என்ற வருத்தத்தையும் அவரிடமே சொல்லுங்கள். மருந்தை மாற்றவும், குறைக்கவும் அவருக்கு வழி தெரியும். உப்பிய முகம் பிறகு வற்றி விடும். அடைத்துப் போன ரத்தக் குழாய் லேசில் திறக்காது.

- ஒரு வாசகி, திருச்சி.