குண்டு தேடிய கருவியில் சிக்கிய இறால்

2025 ஆகஸ்டில், இந்தோனேசியாவிலிருந்து அமெரிக்கா சென்ற உறைந்த இறாலில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் தடயம் தென்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், சவானா, மயாமி என நான்கு துறைமுகங்களில் கன்டெய்னர்கள் சிக்கின. வால்மார்ட் கடைகளில் விற்ற இறால் திரும்பப் பெறப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, முதலில் கண்டுபிடித்தது உணவு ஆய்வாளர்கள் அல்லர் என்பதுதான். அணுப்பொருள் கடத்தலைத் தடுக்கத் துறைமுகத்தில் சுங்கத் துறை வைத்திருக்கும் கருவிதான் கண்டுபிடித்தது.

சோதித்த மாதிரியில் இருந்தது கிலோவுக்குச் சுமார் 68 பெக்கரல் கதிரியக்கம். தலையிட வேண்டிய அளவு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) வகுத்திருப்பது 1,200. எனவே பீதிக்கு இடமில்லை. நம் கவலை வேறு. சீசியத்துக்குக் கருவி இருக்கிறது. நைட்ரோஃபியூரான், குளோராம்பெனிகால் போன்ற, இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு அப்படி ஒரு வாசற்காவல் இல்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். 2009 நிதியாண்டில் இறக்குமதிக் கடலுணவில் எஃப்.டி.ஏ. மருந்து எச்சத்துக்காகச் சோதித்தது ஆயிரத்தில் ஒன்று மட்டுமே என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே 2011-இல் எழுதியது. மற்றதெல்லாம் காகிதத்தை நம்பித்தான் உள்ளே போனது.

இதே அமெரிக்காவில் கெளுத்திக்கு மட்டும் வேறு சட்டம். 2016 முதல் அந்த மீனின் கண்காணிப்பு வேளாண் துறையின் கையில் இருக்கிறது. அனுப்பும் நாடு, தன் கண்காணிப்பு அமெரிக்கக் கண்காணிப்புக்கு ஈடானது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். வியட்நாம், சீனா, தாய்லாந்து மூன்றும் அப்படித்தான் 2019-இல் ஒப்புதல் பெற்றன. வியட்நாம் மீனின் போட்டியைத் தாங்க முடியாத தென்மாநிலக் கெளுத்திப் பண்ணையாளர்கள் அரசியல் பலத்தால் வாங்கிய ஏற்பாடு இது என்பதும் உண்மை. நோக்கம் சுயநலமாக இருக்கலாம், முறை சரியானது. அது இறாலுக்கும் வேண்டும்.

அமெரிக்காவின் சட்டம் இறுகினால் நமக்கு நஷ்டம்தானே என்று ஏற்றுமதியாளர்கள் கேட்பார்கள். இந்திய இறாலை அதிகம் வாங்குவது அந்நாடுதான். ஆனால் ஐரோப்பாவைப் பாருங்கள். இந்திய வளர்ப்பு இறால் சரக்கில் பாதியைச் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் உத்தரவிட்டது. அங்கே போகும் இறாலுக்கு அறுவடைக்கு முன்பே குளத்திலிருந்து மாதிரி எடுத்து, ஆய்வகச் சான்று வாங்கும் வழக்கமும் இங்கே உண்டு. அங்கே கெடுபிடி இருப்பதால் இங்கே குளக்கரையிலேயே சோதனை நடக்கிறது. காகிதமே போதும் என்ற சந்தையில், மருந்தே போடாமல் வன்னாமி இறால் வளர்த்த நாகப்பட்டினத்துப் பண்ணையாளருக்கும் மருந்தைக் கொட்டியவருக்கும் ஒரே விலை. ஒருவர் செய்த தவறுக்கு ஒரு கன்டெய்னர் பிடிபட்டால், விலை எல்லோருக்கும் சரிகிறது.

நம் அரசுக்கும் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் நிராகரிக்கப்பட்ட சரக்கை 90 நாளுக்குள் அழிக்கலாம், அல்லது நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாம். அப்படித் திரும்பி வரும் இறால் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, மறுபடி சோதிக்கப்பட்டதா, அழிக்கப்பட்டதா, விற்கப்பட்டதா என்பதைச் சரக்குவாரியாக மத்திய அரசு வெளியிட வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் இறால் வாங்குபவருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.