வெப்சைட்டை முடக்கிட்டாங்க, சரி. நம்ம பணம் எங்கே?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதித் தோழர்களே!

உங்க ஃபோனிலும் அந்த விளம்பரம் வந்திருக்கும். பிராண்டு ஷூ, மிக்ஸி, கைக்கடிகாரம், எல்லாமே 80 சதவீதத் தள்ளுபடி, "இன்று மட்டும்"! பணம் கட்டினால் போலிப் பொருள் வரும், இல்லைன்னா எதுவுமே வராது. பத்து நாள் கழித்துத் தேடினால் அந்த வெப்சைட்டே இருக்காது.

சண்முகம் சாலையில் ஒரு சின்னக் கடைக்காரர் போலிச் சரக்கு விற்றால் போலீஸ் வரும், சரக்கு பறிமுதலாகும். அவருக்கு ஒரு கதவு எண் இருக்கு. வெப்சைட்காரனுக்கு அது கிடையாது.

"அதான் வெப்சைட்டை முடக்குறாங்களே" என்று கேட்கலாம். முடக்கட்டும், வரவேற்போம். ஆனா யாருக்காக முடக்குறாங்கன்னு பாருங்க.

2010 நவம்பரில் அமெரிக்க அரசு ஒரே வீச்சில் 82 இணைய முகவரிகளைப் பறிமுதல் செய்தது. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் அவங்க நாட்டில் இருப்பதால் அது சுலபம். நம்ம நாட்டில் டாட் இன் பதிவேடு மட்டும்தான் நிக்ஸி கையில். மற்றவற்றுக்குப் பதிவு நிறுவனங்களையும் இணைய சேவை நிறுவனங்களையும்தான் பிடிக்கணும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லுது. போலிப் பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போறாங்க. எதிரி யாருன்னு தெரியாததால் "அசோக் குமார்" என்ற கற்பனைப் பெயரில் வழக்கு! உத்தரவு வரும், கம்பெனியின் பெயர் காப்பாற்றப்படும். ஏமாந்து பணம் கட்டியவர் அந்த வழக்கிலேயே இருக்க மாட்டார். ஏமாற்றியவனோ சில நூறு ரூபாயில் புது முகவரி வாங்கி மறுபடி கடை விரிப்பான்.

கண்ணை மூடிக்கிட்டு முடக்குவதும் ஆபத்துதான். 2012-ல் "3" படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி விமியோ போன்ற தளங்களையே மொத்தமா மூடினாங்க. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்கணும்னு நீதிமன்றமே பிறகு விளக்க வேண்டி வந்தது. நாளைக்கு நம்ம ஊரில் ஆன்லைனில் துணி விற்கும் ஒரு பெண்ணின் தளம் தவறாக மாட்டினால், அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

மக்களுக்குப் பயன்படும் அதிகாரம் ஏற்கனவே இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உருவான மத்திய ஆணையம், பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடலாம். 2022 ஆகஸ்டில் தர விதிக்கு உட்படாத 2,265 பிரஷர் குக்கர்களுக்காக அமேசானுக்கு அப்படித்தான் உத்தரவிட்டது, 1 லட்சம் அபராதமும் போட்டது. நிறுவனம் நீதிமன்றம் போனது தனிக்கதை. பெரிய கம்பெனியிடம் கேட்க முடிஞ்ச கேள்வியைப் போலித் தளங்களிடமும் கேட்கணும்!

மத்திய அரசிடம் நம் கோரிக்கைகள்:

👉 முகவரியை முடக்கும்போதே பணம் போன வங்கிக் கணக்கையும் முடக்கு. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு.
👉 முடக்கிய தளங்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடு. தவறாக மாட்டியவர் முறையிட வழி செய்.
👉 அந்த விளம்பரத்தைக் காட்டிக் காசு பார்க்கும் சமூக ஊடக நிறுவனத்தையும் பொறுப்பாக்கு.

நீங்க செய்ய வேண்டியது:

✅ விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் தளத்தில் இருக்கணும். இது 2020 மின்வணிக விதி. இல்லைன்னா பணம் கட்டாதீங்க.
✅ ஏமாந்தது தெரிஞ்ச உடனே 1930-க்குப் போன் போடுங்க. நேரம் போகப் போகப் பணம் கைமாறிடும். நுகர்வோர் புகாருக்கு 1915.
✅ விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், தாம்பரத்தில் குடியிருப்பவர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை.

"ஐந்நூறு ரூபாய்தானே, போகட்டும்"னு விட்டுடாதீங்க. ஆயிரம் பேர் அப்படி விடுவதுதான் அவங்க முதலீடே. ரசீதையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கிட்டு நம் கிளைத் தோழர்களைப் பாருங்க. மனு எழுத உதவுறோம்.

பகிருங்கள் தோழர்களே!

#பணத்தைத்_திருப்பிக்கொடு #தாம்பரம்